மலையகத்தில் நாளாந்தச் சாப்பாடும் உடலுறுதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும் நேரத்தில்தான் முக்கியமான கேள்விகள் வரும். "டீச்சர், ஒன்று கேட்கட்டுமா?" என்று தொடங்கினால், பிள்ளையின் எடையிலிருந்து மாமியாரின் முழங்கால் வரை பேச்சு நீளும். பஸ் தரிப்பிடத்திலும் கோயில் திருவிழாவிலும் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவரவர் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வைத்தியர் அல்ல. நோய், மருந்து சம்பந்தமான முடிவுகளைக் கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும். அடுப்படியிலும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலிலும் நாமே செய்துகொள்ளக்கூடியவை பற்றியே எழுதுகிறேன்.

காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறோம். அது போதாதா?

வயிறு நிறைய அது போதும், உடம்புக்குப் போதாது. ரொட்டி உடலை ஓட்டும் சக்தியைத் தருகிறது. தேங்காய்ச் சம்பல் தரும் சக்தியில் பெரும்பகுதி கொழுப்பிலிருந்து வருகிறது. தசைக்கு வேண்டிய புரதமும் இரத்தத்துக்கு வேண்டிய இரும்பும் இரண்டிலுமே குறைவு. அதனால்தான் பத்து மணி ஆவதற்குள் கை தளர்ந்து, மனம் அடுத்த தேத்தண்ணீரைத் தேடுகிறது.

காலைச் சாப்பாட்டை அடியோடு மாற்றச் சொல்லவில்லை. மூன்று ரொட்டி சாப்பிடுபவர் இரண்டு சாப்பிட்டு, மூன்றாவதின் இடத்தில் ஒரு கரண்டி பருப்பையோ ஓர் அவித்த முட்டையையோ ஒரு பிடி கடலையையோ வைத்துப் பாருங்கள். முதல்நாள் இரவுப் பருப்பில் கொஞ்சத்தை மூடி எடுத்து வைத்து, காலையில் நன்றாகக் கொதிக்கவிட்டுச் சாப்பிடலாம். விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பும் பெண்ணிடம் புதிதாக ஒரு கறி சமைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

கோதுமை மா விஷம் என்று ஒருவர் சொன்னார். ரொட்டியை விட்டுவிட வேண்டுமா?

விஷம் இல்லை. கோதுமையின் உமித்தோலும் முளையும் நீக்கப்பட்ட மா அது. அவற்றோடு நார்ச்சத்தும் தாதுக்களில் பெரும்பகுதியும் போய்விடுகின்றன. பாட்டிமார் காலத்திலிருந்து நம் மக்களைத் தாங்கிய உணவை ஒரே நாளில் தள்ளிவைக்கச் சொல்வது நியாயமும் இல்லை, நடக்கப்போவதும் இல்லை. அதற்குள் வேறு சத்துகளைச் சேர்ப்பதுதான் வழி.

மூன்று பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு குரக்கன் மா கலந்து பிசையுங்கள். நூறு கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. அடுத்தது இலை. முள்ளங்கி, பீட்ரூட், நோக்கோல் ஆகியவற்றின் இலைகளைப் பல வீடுகளில் ஒடித்துக் குப்பையில் போடுகிறார்கள். என் பக்கத்து வீட்டு அக்கா முள்ளங்கி இலையைப் பொடியாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசறி, அது தண்ணீர் விட்டதும் பிழிந்து, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காயோடு மாவில் சேர்த்துவிடுவார். கல்லில் போட்டதும் பச்சைப் புள்ளிகள் கருகி எழும் வாசத்துக்கே பிள்ளைகள் அடுப்படிக்கு ஓடி வருவார்கள். வல்லாரை, பொன்னாங்காணி, பூசணிக் கொழுந்து எல்லாவற்றிலும் இப்படிச் செய்யலாம்.

தேயிலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். தேத்தண்ணீர் உடம்புக்குக் கெடுதியா?

தேத்தண்ணீரால் கெடுதி இல்லை. அதைக் குடிக்கும் நேரம்தான் பிரச்சினை. தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு குடலால் அந்த இரும்பை உறிஞ்ச முடிவதில்லை. ரொட்டியைக் கடித்து, தேத்தண்ணீரால் விழுங்கும் நம் வழக்கத்தில், சாப்பாட்டில் இருக்கும் கொஞ்ச இரும்பும் வீணாகிறது. மாதவிடாயாலும் பிள்ளைப்பேற்றாலும் இரத்தம் இழக்கும் பெண்களுக்கு இது பெரிய இழப்பு. கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உட்புறம் வெளிறியிருந்தால் அடுத்த கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ குடியுங்கள். எழும்பியதும் ஒரு கோப்பை குடித்துவிட்டுச் சமையலைத் தொடங்கலாம். சாப்பாட்டோடு சுடுதண்ணீர் போதும். மறுபக்கம், விற்றமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். பருப்பிலும் கீரையிலும் தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள், அல்லது சாப்பிட்டதும் ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுங்கள். தோடம்பழத்தைப்போல் நான்கு மடங்கு விற்றமின் சி கொய்யாவில் இருக்கிறது. தோட்டத்து வழியில் விழுந்து கிடப்பதால் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை.

சரி, சீனி? ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி போட்டால்தான் தேத்தண்ணீர் மாதிரி இருக்கிறது.

ஒரு பெற்றோர் கூட்டத்தில் வெற்றுக் கண்ணாடிப் போத்தல் ஒன்றை மேசையில் வைத்து, ஒரு தாயை அழைத்து, நாளொன்றுக்கு அவர் குடிக்கும் தேத்தண்ணீருக்கான சீனியை அதில் போடச் சொன்னேன். ஆறு கோப்பை, கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி. பதினெட்டாவது கரண்டியைப் போட்டுவிட்டுப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதை நான் குடிக்கிறேனா?" என்றுதான் கேட்டார். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்றாலும் 72 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நல்ல அளவு நாளுக்கு ஏறக்குறைய 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. பிஸ்கட்டிலும் பானத்திலும் உள்ள சீனியும் அந்த ஆறுக்குள்தான் அடங்க வேண்டும்.

ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாளே பழைய கணக்குக்குத் திரும்பிவிடுவீர்கள். இரண்டு வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு பழகியதும் இன்னொரு அரைக் கரண்டி. இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப் போட்டால் இனிப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரியாது.

சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டி கடித்துக் குடித்தால் பிரச்சினை இல்லைதானே?

கருப்பட்டியும் சீனிதான். கொஞ்சம் தாதுக்கள் கூட இருக்கலாம், ஆனால் இரத்தத்தில் ஏறும் சர்க்கரை விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சிறு துண்டு ஒன்றை முழுக் கோப்பைக்கும் வைத்துக் கடித்தால் மொத்த அளவு குறையும். அந்த அளவில் நன்மைதான்.

இறைச்சியும் மீனும் மாதத்தில் ஒன்றிரண்டு தடவைதான் வாங்க முடிகிறது. சத்துக்கு எங்கே போவது?

பருப்பு, கடலை, பயறு, கௌபி, நெத்தலி, முட்டை, சோயா. இந்த வரிசையை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நூறு கிராம் சமைக்காத பருப்பில் 24 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். சோறும் பருப்பும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் என்பதால், இரண்டும் சேரும்போது புரதத்தின் தரமும் உயர்கிறது. குறை எங்கே என்றால், நம் வீடுகளில் பருப்பு பெரும்பாலும் தண்ணீராக இருக்கிறது. ஐந்து பேருக்கு ஒரு பிடி பருப்பு போட்டு மஞ்சள் நிறத்தில் ஒரு சட்டி நிறையக் காய்ச்சினால், கிடைப்பது குழம்பின் சுவை மட்டும். ஆளுக்கு ஒரு பிடி பருப்பு என்று கணக்கு வையுங்கள்.

நெத்தலியைத் தலையோடும் முள்ளோடும் சாப்பிடுவதால் கல்சியமும் சேர்ந்து கிடைக்கிறது. ஒரு பிடியை வறுத்துச் சம்பலோடு இடித்துவிட்டால், முதல் பதிலில் நான் குறை சொன்ன அதே சம்பல் சத்துள்ள கறியாகிவிடும்.

கடலையை எவ்வளவு நேரம் அவித்தாலும் மலையில் மெத்தென்று வருவதில்லை. காஸுக்கு யார் காசு கொடுப்பது?

நியாயமான கேள்வி. உங்கள் சமையலில் பிழை இல்லை. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைகிறது, தண்ணீரும் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. கொழும்பில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதிக்கிறது. அதற்குமேல் சூடு ஏறாது. அதனால்தான் கொழும்பிலிருந்து வந்த மருமகளுக்கு இங்கே கடலை அவிவதில்லை.

இரவு முழுக்க ஊறவையுங்கள். குளிர் கடுமையான நாட்களில் முதல் தண்ணீரைச் சுடுதண்ணீராக ஊற்றினால் நன்றாக ஊறும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷர் குக்கரில் அவியுங்கள். சீட்டுப் பணம் கையில் வந்தால், ஒரு வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டிய பொருள் பிரஷர் குக்கர் என்பது என் உறுதியான எண்ணம். அது இல்லாவிட்டால் மைசூர்ப் பருப்போடு நில்லுங்கள். ஊறவைக்காமலேயே விரைவில் வெந்துவிடும்.

நாள் முழுக்க மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கிறேன். எனக்கு எதற்கு உடற்பயிற்சி?

இதைக் கேட்ட அக்காவின் குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் சரியானது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நீங்கள் அதைத் திங்கட்கிழமையிலேயே தொட்டுவிடுவீர்கள். உங்களை இன்னும் நடக்கச் சொல்வது அறியாமை.

ஆனால் உங்கள் வேலை ஒரே தசைகளை ஒரே விதமாக வாட்டுகிறது. கை எப்போதும் முன்னால், கழுத்து எப்போதும் குனிந்து, கொழுந்துப் பையின் பாரம் தலைக் கயிற்றில். முதுகின் மேற்பகுதியும் தோளின் பின்புறமும் வேலை இல்லாமல் பலவீனமாகின்றன. உங்களுக்கு வேண்டியது அந்த இழுப்பைச் சமன்செய்யும் பத்து நிமிடப் பயிற்சி. அது அடுத்த பதிலில்.

கழுத்தும் இடுப்பும் இரவில் தூங்கவிடுவதில்லை. என்ன செய்யலாம்?

நான்கு பயிற்சிகள் போதும். முதலாவது: சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, நாடியை உள்ளே இழுத்துத் தலையின் பின்புறத்தால் சுவரை மெதுவாக அழுத்துங்கள். ஐந்து எண்ணும்வரை வைத்து விடுங்கள், பத்துத் தடவை. இரண்டாவது: தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகுக்கு நடுவில் ஒன்றையொன்று தொடவைப்பதுபோல் பின்னால் இழுங்கள், பத்துத் தடவை. மூன்றாவது: பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். நான்காவதை மலையிலேயே செய்யலாம். கொழுந்து நிறுவைக்கு நிற்கும்போது இரு கைகளையும் இடுப்பின் பின்னால் ஊன்றி, மெதுவாகப் பின்னால் வளையுங்கள். நாள் முழுக்க முன்னால் குனிந்த முதுகுக்கு அது பெரிய ஆறுதல்.

பாரத்தோடு இறங்கும்போது சிறிய அடிகளாக வையுங்கள், செங்குத்தான இடத்தில் சற்றுப் பக்கவாட்டாக இறங்குங்கள். முழங்கால் தேய்வது பெரும்பாலும் இறக்கத்தில்தான். கையோ காலோ மரத்துப்போனால், பலம் குறைந்தால், சிறுநீரை அடக்க முடியாமல் போனால் பயிற்சி வேண்டாம், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நான் கடையில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறேன். காலைக் குளிரில், பனிமூட்டத்தில் நடப்பது நெஞ்சுக்குக் கூடாது என்கிறார்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தும். குளிர்ந்த காற்று மூச்சுக் குழாய்களைச் சுருக்கும். மூக்கையும் வாயையும் துணியால் மூடி நடந்தால் காற்று சூடாகி உள்ளே போகும், அல்லது வெயில் வந்தபின் நடக்கலாம். மற்றவர்களுக்குக் குளிரைவிட வீதிதான் ஆபத்து. மூட்டத்தில் லொறிக்காரருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். வெளிர் நிற உடை உடுத்து, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி வலது பக்கமாக நடங்கள். தேயிலைக்குள்ளே குறுக்கு வழியில் போவதானால் குளவிக்கூடு இருக்கும் மரங்களைக் கேட்டறிந்து போங்கள்.

நடையின் வேகத்துக்கு ஓர் எளிய அளவு: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. ஏற்றத்தில் அந்த நிலை சீக்கிரம் வந்துவிடும். சமதரையில் நடப்பவரைவிட மலையகத்தாருக்குக் குறைந்த நேரத்திலேயே பலன் கிடைப்பது அதனால்தான். வாரத்தில் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் செய்யுங்கள். கடை வாங்கில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழும்புவது பத்து, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து, இரண்டு சுற்று.

குளிரில் தாகமே எடுப்பதில்லை. தண்ணீர் குடிக்கத்தான் வேண்டுமா?

வேண்டும். குளிரில் தாக உணர்வு மங்கிவிடும், உடம்பின் தேவை மங்குவதில்லை. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் நல்லது, சாயத் தேத்தண்ணீர் நிறம் என்றால் போதவில்லை.

பெண்கள் தண்ணீர் குடிக்காததற்கு உண்மைக் காரணம் தாகம் இல்லாதது அல்ல, மலையில் கழிவறை இல்லாததுதான். காலை முதல் அடக்கி வைத்து, அடிவயிற்று எரிச்சலோடும் காய்ச்சலோடும் கிளினிக்குக்கு வரும் தாய்மாரை எனக்குத் தெரியும். சிறுநீர்த் தொற்றுக்கு அடக்கி வைப்பதும் தண்ணீர் குடிக்காததும் வழிவிடுகின்றன. கழிவறை கேட்பது வெட்கப்பட வேண்டிய விடயம் அல்ல. சங்கக் கூட்டத்தில் சம்பளத்துக்கு அடுத்ததாக அதைப் பேசுங்கள். அதுவரை, மலைக்குப் போகுமுன் ஒரு கோப்பையும், பகல் வீட்டுக்கு வரும்போது இரண்டு கோப்பையும், மாலையில் மீதியும் என்று பிரித்துக் குடியுங்கள். பீலித் தண்ணீரை (ஊற்றிலிருந்து குழாய் வழி வரும் தண்ணீரை) கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். 94 பாகையிலும் கிருமிகள் சாகும். குமிழ் கிளம்பிய பிறகு இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள்.

குளிருக்குக் கொஞ்சம் சாராயம் எடுத்தால் உடம்பு சூடாகிறதே?

சூடாவது தோல் மட்டும். சாராயம் தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருக்கும் சூடு வெளியே வந்து காற்றில் போய்விடுகிறது, உடம்பின் உட்சூடு குறைகிறது. குளிருக்குக் கம்பளியும் சூடான சூப்பும் போதும்.

இரவில் சோறு சாப்பிட்டால்தான் தொப்பை வருகிறதா?

நேரத்தைவிட அளவுதான் முக்கியம். இரவு கோப்பையில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் போஞ்சி, கோவா, கரட், கீரை என்று மரக்கறியை நிரப்புங்கள்.

என் கணவர் மெலிந்த ஆள். அவருக்கு எப்படிச் சீனி வருத்தம் வரும்?

வரும். தெற்காசியரின் உடம்பில் தசை குறைவாகவும், குடலையும் ஈரலையும் சுற்றிய கொழுப்பு கூடுதலாகவும் சேர்கிறது. கையும் காலும் குச்சிபோல் இருக்க, வயிறு மட்டும் முன்னால் வந்திருப்பவர்களை உங்கள் லயத்திலேயே பார்க்கலாம். தராசைவிட அளவு நாடாவைத்தான் நம்ப வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் மேல் போனால் எச்சரிக்கை. பிறக்கும்போது எடை குறைந்திருந்தவர்களுக்கு, பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல். தோட்டங்களில் எத்தனை பேர் அப்படிப் பிறந்தவர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

35 வயதைத் தாண்டியவர்களுக்கு இரத்த அழுத்தம், சீனி, எடை ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் அரச வைத்தியசாலைகளில் இயங்குகின்றன. ஒரு நாள் பெயர் (அன்றைய வேலைப் பதிவும் சம்பளமும்) போகும் என்று தள்ளிப்போடாதீர்கள். சீனி வருத்தம் தெரியாமல் காலில் புண் வந்தால் எத்தனை நாள் பெயர் போகும் என்பதையும் கணக்கிடுங்கள்.

பிரஷருக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அப்படியென்றால் கருவாடும் நெத்தலியும் கூடாதா? மேலே நீங்கள்தான் சாப்பிடச் சொன்னீர்கள்.

சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி இரண்டு தடவை கழுவினால் உப்பில் ஒரு பகுதி போய்விடும். அந்தக் கறிக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள். நாளுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு என்பதே எல்லை. பிரஷர் ஏற்கெனவே கூடியிருப்பவர்கள் கருவாட்டை அரிதாகத்தான் தொட வேண்டும், புரதத்துக்கு முட்டையும் பருப்பும் போதும். சோற்றில் உப்புப் போடுவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

அயடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள். திறந்த டப்பாவில் அடுப்புக்கு மேலே வைத்தால் சூட்டிலும் ஈரத்திலும் அயடின் குறைந்துவிடும். இறுக மூடித் தள்ளி வையுங்கள்.

பால்மா இல்லாமல் பிள்ளை எப்படி வளரும்? வாங்கவும் முடியவில்லை.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவுகளோடு இரண்டு வயதுக்கு மேலும் தாய்ப்பால். அதற்குப் பிறகு பால் பல உணவுகளில் ஒன்று, அவ்வளவுதான். ஒரு கரண்டி பால்மாவைத் தேத்தண்ணீரில் கலக்கிக் கொடுப்பதைப் பால் என்று கணக்கில் எடுக்காதீர்கள். அதில் சீனிதான் கூட. தேயிலைச் சாயம் பிள்ளையின் இரும்பையும் எடுத்துவிடும். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். தோட்டத்தில் மாடு வைத்திருப்பவரிடம் பால் கிடைத்தால் காய்ச்சிக் கொடுங்கள்.

குடிபானங்களின் மேல் சீனி அளவைக் காட்டும் நிற அடையாளம் 2016ஆம் ஆண்டு முதல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு என்றால் சீனி மிகக் கூடுதல். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் நிறத்தைப் பார்த்து வாங்கலாம். என் மாணவர்களை அதைப் பார்த்து வீட்டாருக்குச் சொல்லப் பழக்கியிருக்கிறேன்.

கர்ப்பமாக இருக்கும்போது கொடுக்கும் இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்றும் சொல்கிறார்கள்.

பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பிறந்த பயம் அது. மலம் கறுப்பது இயல்புதான். வயிறு புரட்டினால், இரவு சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் படுக்கும் முன் போடுங்கள். தேத்தண்ணீரோடு வேண்டாம், காரணம் மேலே இருக்கிறது. கல்சியம் மாத்திரையை வேறு வேளையில் போடுங்கள், இரண்டும் சேர்ந்தால் இரும்பு உள்ளே போவது குறையும். அப்படியும் முடியாவிட்டால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மாத்திரையைக் கூரை இடுக்கில் செருகி வைக்காதீர்கள்.

திரிபோஷாவும் அப்படித்தான். சோளம், சோயா, பால்மா சேர்த்துத் தயாரிக்கும் அந்த மா, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் உரியது. தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தால் வீடே சாப்பிட்டுவிடும். உரியவளுக்கு ஓர் உருண்டைதான் மிஞ்சும். 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர், தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 பேர். அந்தப் பிள்ளைகளில் பலருக்குக் குறை கருவிலேயே தொடங்கிவிட்டது.

வெற்றிலை போட்டால் பசியும் களைப்பும் தெரிவதில்லை. புகையிலை இல்லாமல் போட்டால் பரவாயில்லையா?

இல்லை. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள். புகையிலை சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். பசி தெரியாமல் போவதை நன்மையாக எண்ணாதீர்கள், சாப்பாடு வேண்டும் என்று உடம்பு சொல்வதை அது மறைக்கிறது. வெற்றிலைக்கு நீட்டும் கையில் ஒரு பிடி அவித்த கடலை இருக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் கண்ணாடி வைத்து வாயைப் பாருங்கள். ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முன்போல் திறக்காமை, இவற்றில் எது இருந்தாலும் பல் வைத்தியரிடம் போக வேண்டும்.

முன்பு ஒரே மூச்சில் ஏறிய படிகளில் இப்போது மூன்று இடத்தில் நிற்கிறேன். வயதாகிவிட்டது என்று விடலாமா?

விடாதீர்கள். மூச்சு வாங்குவதற்கு இரத்தசோகை, இதயம், ஆஸ்துமா, பல வருட விறகுப் புகை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். தேத்தண்ணீர் பதிலில் சொன்ன இமைப் பரிசோதனையைச் செய்துவிட்டு, கிளினிக்குக்கும் போங்கள். காரணம் தெரியும்வரை புதிதாகக் கடும் பயிற்சி எதையும் தொடங்க வேண்டாம். நெஞ்சு இறுகி, வலி தோளுக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் முச்சக்கரவண்டி தேடி நேரத்தைப் போக்காமல் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சுவதைத்தான் நான் சாப்பிடுகிறேன். இதில் முட்டை, பருப்பு என்று எனக்கு எங்கே கிடைக்கப்போகிறது?

மேலே உள்ள எல்லாக் கேள்விகளையும்விட இதுதான் எனக்குக் கடினமானது. வீட்டில் இரும்பு அதிகம் தேவைப்படுபவளுக்குச் சட்டியின் அடித்தண்ணீர் கிடைக்கிறது. யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்ட பிறகு சட்டியில் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. "எனக்கும் வேண்டும்" என்று கேட்பதற்கு நம் தாய்மாருக்கு வாய் வருவதுமில்லை. அதனால் கேட்கத் தேவையில்லாத ஒரு வழியைத்தான் சொல்கிறேன். பரிமாறத் தொடங்கும் முன், கறி முழுதாகச் சட்டியில் இருக்கும்போதே உங்கள் பங்கைப் பிரித்து மூடி வையுங்கள். மாமியார் இருந்தால் அவருக்கும் சேர்த்து எடுங்கள். அவரும் இத்தனை வருடமாக மிஞ்சியதைச் சாப்பிட்டவர்தான். கணவரிடமும் பிள்ளைகளிடமும் காரணத்தைச் சொல்லுங்கள். இரத்தம் குறைவாக இருக்கிறது, கிளினிக்கில் சொன்னார்கள் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

என் வகுப்பில் எட்டாம் தர மாணவி ஒருத்தி இந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அவர்கள் வீட்டில் ஐந்து பேர், முட்டைக் குழம்பு வைத்தால் முட்டை நான்கு. இப்போது சோறு போடும் முன் அவள்தான் நூலால் முட்டைகளைப் பாதி பாதியாக அறுக்கிறாளாம். எட்டுத் துண்டில் முதல் இரண்டை நீலக் கோப்பையில் போட்டு, மேலே ஒரு கரண்டி பருப்பு ஊற்றி, தட்டால் மூடி, அடுப்புத் திட்டின் ஓரத்தில் வைத்துவிடுகிறாள். தம்பி கேட்டால், "அது அம்மாவுடையது" என்கிறாளாம்.